பதிவேடும் பட்டறையும்: பழைய வடஆற்காட்டில் மாற்றுத்திறனாளர் வேலைவாய்ப்பின் வரலாறு

சித்தூருக்கு வடக்கே, திருப்பதிச் சாலையும் கர்னூல் சாலையும் பிரியும் இடத்தில் அமைந்த புத்தலப்பட்டு, இன்று ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டத்து மண்டலங்களுள் ஒன்று. மண்டலம் என்பது 1985இல் என்.டி. ராமராவ் அரசு வட்டங்களைப் பிரித்து ஏற்படுத்திய சிறு நிர்வாக அலகு. 1911 ஏப்ரல் 1ஆம் நாள் சித்தூர் தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி சென்னை மாகாணத்து வடஆற்காடு மாவட்டத்தில் அடங்கியிருந்தது. அம்மாவட்டத்தின் தலைநகரும் அப்போது வேலூராக இல்லாமல் சித்தூராகவே இருந்தது. 1953 அக்டோபர் 1ஆம் நாள் ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் அதனோடு சென்றது. 2022 ஏப்ரல் 4ஆம் நாள் திருப்பதியும் தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் இவ்வாறு மும்முறை மாறியபோதிலும், காட்பாடியிலிருந்து சித்தூர், பாகாலை வழியாகத் திருப்பதி செல்லும் இருப்புப்பாதையும், இரு மொழிகளையும் கலந்து பேசும் எல்லையோர ஊர்களும், வேலைக்கும் மருத்துவத்துக்கும் வேலூரை நாடும் வழக்கமும், பழைய வடஆற்காட்டை ஒரே நிலமாக இன்றளவும் பிணைத்துள்ளன.

உடலிலோ புலனிலோ மனத்திலோ குறைபாடு உடையவர்களை முதலாளிகள் வேலைக்கு எடுத்துக்கொள்வதற்காக மேற்கொள்ளப்பட்ட முயற்சிகளின் வரலாற்றில் இந்நிலத்துக்குத் தனி இடம் உண்டு. யாரையும் விலக்காமல் ஆளெடுக்கும் இந்த முறையை உள்ளடக்கிய வேலையமர்த்தம் என்றும், அதற்காக வேலை தேடுவோருக்கும் வேலை தருவோருக்கும் இடையில் நின்று பயிற்சி, பரிந்துரை, பணியிட உதவி ஆகியவற்றைச் செய்யும் அமைப்புகளின் வேலையை வேலைத்துணைப் பணி என்றும் குறிக்கலாம். இப்பணி இந்தியாவில் இரு வேறு வடிவங்களில் வளர்ந்தது. ஒன்று, வேலை தேடுவோரின் பெயரை எழுதிவைத்து, இடம் வரும்போது சீட்டு அனுப்பிய அரசு அலுவலகத்தின் பதிவேடு. மற்றொன்று, ஒருவரின் கைக்கேற்பக் கருவியையும் வேலையையும் மாற்றியமைத்த பட்டறை. பதிவேடு நாடெங்கும் பரவியது. பட்டறை வேலூர், காட்பாடி போன்ற சில இடங்களோடு நின்றது. முதலாளியை உண்மையில் இணங்கவைத்த வழி எது என்பதை அறிய இவ்விரண்டின் வரலாற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

விலக்கிய சட்டமும் திருத்திய கையும்

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வடஆற்காடு, உலகிலேயே தொழுநோய் மிகுந்திருந்த பகுதிகளுள் ஒன்றாக இருந்தது. நோயாளியை வேலையிலிருந்து விலக்குவதை அக்காலத்தில் வழக்கம் மட்டுமன்றிச் சட்டமும் கட்டளையிட்டது. 1898ஆம் ஆண்டின் தொழுநோயாளர் சட்டம், அரசு அறிவிக்கும் பகுதிகளில் தொழுநோயாளர் உணவுப்பொருளோ மருந்தோ துணியோ செய்து விற்பதையும், பொதுக் கிணற்றிலும் குளத்திலும் நீர் எடுப்பதையும், வாடகை வண்டி ஓட்டுவதையும் தடை செய்ய இடமளித்தது. ஒருவரை இன்ன தொழில் செய்யலாகாது என்று பட்டியலிட்ட அச்சட்டம், அவர் வேறு என்ன தொழில் செய்து பிழைப்பார் என்பதைப் பற்றி எதுவும் கூறவில்லை. பிச்சையெடுத்தலே பெரும்பாலோருக்கு எஞ்சிய தொழிலாயிற்று.

1946ஆம் ஆண்டு இறுதியில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த ஆங்கிலேய அறுவை மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோய் வல்லுநரான ராபர்ட் காக்ரேனின் தூண்டுதலால் செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் மருத்துவமனையில் நோயாளிகளின் கைகளைப் பார்வையிட்டதிலிருந்து ஒரு புதிய மருத்துவம் தொடங்கியது. விரல்கள் மடங்குவதும் குறைவதும் சதை அழுகுவதால் அன்று, நரம்பு பாதிக்கப்படுவதால் நேரும் தசைச் செயலிழப்பாலும், உணர்ச்சி அற்றுப்போய் வலி தெரியாமல் ஏற்படும் காயங்களாலுமே என்பதை அவர் காட்டினார். நன்றாக இயங்கும் தசைநாணை எடுத்துச் செயலிழந்த விரலோடு இணைக்கும் தசைநாண் மாற்று அறுவையை அவரும் அவருடைய குழுவினரும் 1948 முதல் தொழுநோயாளரின் கைகளுக்குச் செய்தனர். மடங்கிய விரல்கள் நிமிர்ந்தன. கை மீண்டும் பொருளைப் பற்றியது.

ஆனால் மருத்துவத்தின் வெற்றி வேலையின் வெற்றியாகவில்லை. அறுவைக்குப் பின் ஊர் திரும்பிய சிலர், திருத்திய கைகளைக் காட்டினால் முன்போலப் பிச்சை விழுவதில்லை, வேலை தருவாரும் இல்லை என்று முறையிட்டு மருத்துவமனைக்கே வந்ததைப் பிராண்ட் பின்னாளில் எழுதியுள்ளார். நோய் நீங்கியவர் என்று மருத்துவர் தரும் சான்றை முதலாளி நம்பவில்லை. கை நிமிர்ந்தாலும் உணர்ச்சி திரும்பாததால், வழக்கமான உளியையும் சுத்தியலையும் பிடித்து வேலை செய்தவர் தம்மை அறியாமலே மீண்டும் காயப்பட்டார். ஆகவே கையைத் திருத்துவதோடு கருவியையும் திருத்த வேண்டியதாயிற்று. 1951இல் கல்லூரி வளாகத்தில் நவஜீவ நிலையம் என்ற பெயரில் அமைந்த சிறு குடியிருப்பில், அறுவை முடிந்தவர்கள் தங்கித் தச்சுவேலையும் பொம்மை செய்தலும் கற்றனர். கைப்பிடிகளைத் தடிமனாக்குவது, உணர்ச்சியற்ற உள்ளங்கையில் அழுத்தம் ஒரே இடத்தில் விழாமல் பிடியை மாற்றுவது, வேலை முடிந்ததும் கையைக் கண்ணால் சோதிப்பது ஆகியவை அங்கே அன்றாட ஒழுங்குகளாயின. 1955இல் காட்பாடிக்கு அருகே கரிகிரியில் தொடங்கிய ஷீஃபலின் தொழுநோய் ஆராய்ச்சி நிலையம் இப்பணியை இன்னும் விரிவாக்கியது.

வேலூர் மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை, தானே ஒரு முதலாளியாக நின்று ஒரு விடையையும் கண்டது. அங்கு பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். நின்று செய்ய வேண்டிய பெரிய அறுவைகள் அவருக்கு இயலாதவையாயின. உட்கார்ந்தே செய்யக்கூடிய கை அறுவை அவருக்கு இயன்றது. சக்கர நாற்காலியில் அமர்ந்து தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்த அவர், பின்னர் வெளிநாட்டில் மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, 1966இல் வேலூரில் தொடங்கப்பட்ட மறுவாழ்வு நிலையத்தை நடத்தினார்; 1972இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். அவர் மருத்துவத் தொழிலிலேயே நிலைத்ததற்குக் காரணம், அத்தொழிலின் பல வேலைகளுள் அவருக்குப் பொருந்தும் ஒன்றைப் பிரித்தெடுத்துத் தந்ததே. பிற்கால வேலைத்துணைப் பணியாளர்கள் பணிப் பகுப்பாய்வு என்று பெயரிட்ட முறையின் சாரம் இதுவே.

காட்பாடிப் பட்டறை

இந்த அனுபவத்தைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுசென்றது, 1963இல் சுவீடன் செஞ்சிலுவைச் சங்கம் காட்பாடியில் தொடங்கிய பட்டறை. தொழுநோய் நீங்கியவர்களுக்கு இயந்திரத் தொழில் கற்பித்து வேலையும் தர எழுந்த இந்நிறுவனம், 1980களில் வொர்த் டிரஸ்ட் என்ற இந்திய அறக்கட்டளையின் கைக்கு வந்தபின், இளம்பிள்ளைவாதத்தால் கால் சூம்பியவர், செவித்திறன் குறைந்தவர் என எல்லா வகை மாற்றுத்திறனாளருக்கும் கதவைத் திறந்தது. புத்தலப்பட்டிலிருந்து தெற்கே ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டரில், அதே இருப்புப்பாதையின் மறுமுனையில் இது அமைந்திருந்தது.

இப்பட்டறையைப் பழைய மறுவாழ்வு இல்லங்களிலிருந்து வேறுபடுத்தியது அதன் வாணிக முறை. கூடை முடைதல், மெழுகுவத்தி செய்தல், நாற்காலிக்குப் பிரம்பு பின்னுதல் ஆகியவை இரக்கத்தால் வாங்கப்படும் பொருள்களாகவே இருந்தன. வாங்குபவரின் இரக்கம் குறைந்தால் வேலையும் குறைந்தது. காட்பாடிப் பட்டறையோ வாகனத் தொழிலுக்கு வேண்டிய உலோக, பிளாஸ்டிக் உதிரிப்பாகங்களைச் செய்து விற்றது. உதிரிப்பாகம் வாங்கும் நிறுவனம் அதைச் செய்த கையைப் பார்ப்பதில்லை. அளவு பிசகாமல் இருக்கிறதா, குறித்த நாளில் வந்து சேர்ந்ததா என்பதை மட்டுமே பார்க்கிறது. பார்வையற்றோர் எழுதப் பயன்படும் பெர்கின்ஸ் பிரெய்ல் எழுத்துப்பொறியை இணைத்துத் தரும் நுட்பமான வேலையும் பின்னர் இங்கு வந்தது. ஒரு பெரிய முதலாளியிடம் மாற்றுத்திறனாளரை வேலைக்கு எடுங்கள் என்று கேட்பதைவிட, அவர்கள் செய்த பொருளை வாங்குங்கள் என்று கேட்பது எளிதாக இருந்தது. பொருளின் தரமே நம்பிக்கைக்கு முதல் சான்றாயிற்று.

எனினும் இந்த வழிக்கு ஓர் எல்லையும் இருந்தது. மாற்றுத்திறனாளர் மட்டுமே கூடி வேலை செய்யும் இத்தகைய இடங்களைக் காப்புப் பட்டறை என்பர். அங்கே பயின்றவர் வெளித் தொழிற்சாலையில் மற்றவர்களோடு சேர்ந்து நிற்கும் வாய்ப்பு அரிதாகவே கிட்டியது. பட்டறையின் சுவருக்குள் கற்றுக்கொண்ட கருவித் திருத்தங்களும் சுவருக்கு வெளியே போகவில்லை. பட்டறைக்கு வெளியே இருந்த முதலாளிகளை அணுகும் பொறுப்பை அதே காலத்தில் ஏற்றிருந்தது அரசின் பதிவேடு.

பதிவேட்டின் காலம்

இந்தியாவின் வேலைவாய்ப்பு அலுவலகங்கள் இரண்டாம் உலகப் போரின் பிள்ளைகள். போர்முனையிலிருந்து திரும்பும் வீரரையும், போர்த் தொழிற்சாலைகளிலிருந்து விடுவிக்கப்படும் தொழிலாளரையும் வேலையில் அமர்த்த 1945இல் மறுகுடியமர்த்த, வேலைவாய்ப்பு இயக்ககம் ஏற்பட்டது. நாட்டுப் பிரிவினையால் இடம்பெயர்ந்தோருக்கு அதன் கதவு திறந்தபின், 1948இல் வேலை தேடும் அனைவருக்கும் பொதுவாயிற்று. போரில் கண்ணிழந்த இந்திய வீரருக்காக டேராடூனில் நடந்த புனித டன்ஸ்டன் விடுதியே 1950இல் பார்வையற்ற பெரியோருக்கான பயிற்சி மையமாக மாறியது. ஊனமுற்ற போர்வீரருக்கு அரசு கடமைப்பட்டது என்ற எண்ணமே ஊனமுற்ற குடிமகனுக்கும் மெல்ல விரிந்தது என்பதை இவ்வரிசை காட்டுகிறது.

பிரிட்டனிலும் இதே வழியே நடந்தது. முதல் உலகப் போருக்குப் பின் 1919இல் அங்கு தொடங்கிய அரசர் பட்டியல் திட்டம், தம் தொழிலாளருள் 5 சதவீதத்தினரை ஊனமுற்ற வீரர்களாக வைத்திருக்க ஒப்பிய முதலாளிகளின் பெயரைச் சிறப்புப் பட்டியலில் சேர்த்தது. வற்புறுத்தல் இன்றிப் பெருமையைக் கொண்டே முதலாளியை ஈர்க்க முயன்ற திட்டம் அது. 1944ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் வேலைவாய்ப்புச் சட்டம் இதைக் கட்டாயமாக்கி, இருபதோ அதற்கு மேலோ ஆள்களை வைத்திருந்த நிறுவனங்கள் 3 சதவீத இடங்களை ஊனமுற்றோருக்கு ஒதுக்க வேண்டும் என்றது. தொழிற்சாலைகளை அணுகிப் பேச மறுகுடியமர்த்த அலுவலர்களையும் நியமித்தது.

இந்தியா இவற்றுள் பதிவேட்டை ஏற்றுக்கொண்டது. தனியார் முதலாளிக்கு ஒதுக்கீட்டை விதிக்கவில்லை. பார்வையற்றோரைத் தொழிற்சாலைகளில் அமர்த்தும் சோதனை முயற்சியாக, நடுவண் கல்வி அமைச்சகம் 1954இல் சென்னையில் ஒரு வேலையமர்த்த அலுவலகத்தைத் திறந்தது. 1959இல் பம்பாயில் ஊனமுற்றோருக்கான முதல் சிறப்பு வேலைவாய்ப்பு அலுவலகம் அமைந்தது. தில்லி, சென்னை நகரங்கள் அடுத்த சில ஆண்டுகளில் தொடர்ந்தன. அதே 1959இல் இயற்றப்பட்ட காலியிடக் கட்டாய அறிவிப்புச் சட்டம், 25 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்களைக் கொண்ட தனியார் நிறுவனங்கள் தம் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. ஆனால் அலுவலகம் அனுப்பும் ஆளையே எடுக்க வேண்டும் என்ற கடமை முதலாளிக்கு இல்லை என்றும் அச்சட்டமே தெளிவாகக் கூறியது. தெரிவிப்பது கட்டாயம், தேர்ந்தெடுப்பது விருப்பம் என்ற இந்த அமைப்பில், அலுவலகம் ஆண்டுக்கு ஆண்டு பெருகும் பெயர்களின் கிடங்காயிற்று. நேர்காணல் அட்டையை எதிர்பார்த்து மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிப்பதே பலருக்கு வாழ்நாள் சடங்காக நின்றது. பொது நிறுவனங்கள் பதிவேட்டில் உள்ளவர்களோடு நின்றுவிடாமல் வெளிப்படையாகவும் விளம்பரம் செய்ய வேண்டும் என்று 1996இல் உச்ச நீதிமன்றம், ஆந்திரத்தின் கிருஷ்ணா மாவட்டத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் தீர்ப்பளித்தபின், பதிவேட்டுக்கு இருந்த தனிச் செல்வாக்கும் குறைந்தது.

எல்லையின் வடக்கே

புத்தலப்பட்டு போன்ற ஊர்களுக்கு இந்த அமைப்பில் மேலும் ஓர் இடையூறு இருந்தது. சித்தூர் சென்னை மாநிலத்தை விட்டுப் பிரிந்த மறு ஆண்டில்தான் சென்னையின் வேலையமர்த்த அலுவலகம் திறந்தது. 1956இல் வேலைவாய்ப்பு அலுவலகங்களின் நிர்வாகம் மாநிலங்களுக்கு மாற்றப்பட்டபோது, பதிவு வசிப்பிட மாநிலத்தோடு கட்டுண்டது. பகலுக்குள் போய்த் திரும்பக்கூடிய சென்னையை விட்டு, ஓரிரவுத் தொலைவிலுள்ள ஹைதராபாத்தை நோக்க வேண்டியதாயிற்று. ஊனமுற்றோரின் உடல்நிலை, திறன், விருப்பம் ஆகியவற்றை மதிப்பிட்டு உரிய தொழிலைப் பரிந்துரைக்கும் தொழில்வழி மறுவாழ்வு மையங்கள் 1968இல் முதன்முதலாகப் பம்பாயிலும் ஹைதராபாத்திலும் அமைந்தன. அடுத்த ஆண்டு முதல், ஊனமுற்றோரை வேலைக்கு எடுத்த சிறந்த முதலாளிகளுக்கு நடுவண் அரசு தேசிய விருது வழங்கலாயிற்று. மதிப்பீடும் விருதும் தலைநகரங்களில் நடந்தன. நடக்க இயலாதவர் பயணம் செய்து அவற்றை அடைய வேண்டியிருந்தது.

சித்தூர் மாவட்டத்துக்குள் இந்த வெற்றிடத்தைப் பெரிதும் நிரப்பியது திருமலை திருப்பதி தேவஸ்தானம். செவித்திறன் குறைந்தோருக்கான பள்ளியும், ஊனமுற்றோருக்கான தொழிற்பயிற்சி மையமும், 1985இல் தொடங்கிய பேர்ட் என்ற எலும்பு, மூட்டு அறுவை மற்றும் மறுவாழ்வு மருத்துவமனையும் திருப்பதியில் தேவஸ்தான நிதியால் நடந்தன. இளம்பிள்ளைவாதத்தால் பாதிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் அங்கே இலவச அறுவை பெற்றனர். ஆயினும் பிராண்ட் வேலூரில் கண்ட கேள்வியே இங்கும் எழுந்தது: நிமிர்ந்து நடக்கத் தொடங்கியவர் நடந்து எங்கே வேலைக்குப் போவது? மருத்துவமனையும் பள்ளியும் ஒரு சாலையில் இருந்தன. தொழிற்சாலை வாயில் வேறொரு சாலையில் இருந்தது.

ஊக்கத்தொகையின் தோல்வி

அரசுப் பணிகளில் 1977 முதல் கீழ்நிலைப் பிரிவுகளில் 3 சதவீத ஒதுக்கீடு இருந்துவந்தது. 1995ஆம் ஆண்டின் ஊனமுற்றோர் சட்டம் அதற்குச் சட்ட வலிமை தந்ததோடு, தொழுநோய் நீங்கியவரையும் தன் ஏழு வகைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. தனியார் முதலாளிகளைப் பொறுத்தவரை, தம் தொழிலாளருள் 5 சதவீதத்தினராவது ஊனமுற்றோராக இருப்பதற்கு அரசு ஊக்கம் தரலாம் என்று கூறி நின்றது. அச்சட்டம் நடைமுறைக்கு வந்த சில ஆண்டுகளில், ஊனமுற்றோர் வேலைவாய்ப்பு மேம்பாட்டுத் தேசிய மையம் நாட்டின் பெரிய நிறுவனங்களிடம் எடுத்த கணக்கெடுப்பு, அவற்றில் மாற்றுத்திறனாளரின் பங்கு சராசரியாக அரை சதவீதத்தையும் எட்டவில்லை என்று காட்டியது. தனியார் நிறுவனங்கள் அரசுத் துறை நிறுவனங்களினும் பின்தங்கியிருந்தன.

இதைச் சீராக்க 2008 ஏப்ரல் முதல் நடுவண் அரசு ஓர் ஊக்கத் திட்டத்தை அறிவித்தது. மாதம் 25,000 ரூபாய் வரை ஊதியம் பெறும் மாற்றுத்திறனாளரைப் புதிதாக வேலைக்கு எடுத்தால், வருங்கால வைப்பு நிதிக்கும் தொழிலாளர் காப்பீட்டுக்கும் முதலாளி செலுத்த வேண்டிய பங்கை முதல் மூன்றாண்டுகள் அரசே ஏற்கும் என்பது அதன் சாரம். ஆண்டுக்கு ஒரு லட்சம் வேலைகள் உருவாகும் என்ற எதிர்பார்ப்போடு தொடங்கிய இத்திட்டம் அந்த இலக்கின் அருகில்கூடச் செல்லவில்லை. முதலாளியின் தயக்கத்துக்குக் காரணம் பணம் அன்று என்பதை அத்தோல்வி வெளிப்படுத்தியது. காது கேளாதவருக்கு மேற்பார்வையாளர் எவ்வாறு வேலை சொல்வது, இயந்திரத்தின் அருகே விபத்து நேர்ந்தால் பொறுப்பு யாருடையது, உடன் வேலை செய்வோர் எவ்வாறு நடந்துகொள்வர், ஒத்துவராவிட்டால் எப்படி அனுப்புவது என்பனவே அவர் மனத்தில் இருந்த கேள்விகள். இவற்றுள் ஒன்றுக்கும் வைப்பு நிதிப் பங்கு விடையாகாது. தொழிற்சாலைக்குள் வந்து நின்று பேசும் ஆள் ஒருவரே விடையாக முடியும்.

மண்டலத்துக்கு வந்த ஆள்

அத்தகைய ஆள் ஆந்திர மாநிலத்தில் எதிர்பாராத ஒரு வழியில் உருவானார். 2000ஆம் ஆண்டில் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய வெலுகு என்ற வறுமை ஒழிப்புத் திட்டம், முதற்கட்டமாக எடுத்துக்கொண்ட ஆறு மாவட்டங்களுள் சித்தூரும் ஒன்று. தெலுங்கில் வெலுகு என்றால் ஒளி. பெண்களின் சுயஉதவிக் குழுக்களைக் கிராமம், மண்டலம், மாவட்டம் என்று கூட்டமைப்புகளாகக் கட்டிய அத்திட்டம், மாற்றுத்திறனாளருக்கும் தனிச் சங்கங்களை அமைத்தது. அதுவரை மாவட்டத் தலைநகருக்குச் சென்று பெயர் எழுதியவர், தம் மண்டலத்திலேயே பேச ஒரு சங்கத்தைப் பெற்றார். சில ஆண்டுகளுக்குப் பின் வந்த சதரம் என்ற கணினிவழிச் சான்றளிப்பு முறை, மருத்துவ முகாம்களின் மூலம் ஊனத்தின் சதவீதத்தைக் குறித்துத் தந்தது. ஓய்வூதியத்துக்கு அச்சதவீதம் பயன்பட்டது. 40 சதவீதம் என்பது பல உதவிகளுக்கு வாயிற்படி. ஆனால் அது உடலை அளந்த எண்ணே அன்றி வேலையை அளந்த எண் அன்று. வலக்கால் சூம்பிய இருவருள் ஒருவர் தையற்பொறியிலும் மற்றவர் கணக்கு மேசையிலும் சிறப்பார் என்பதை அது சொல்வதில்லை.

வெலுகு கட்டிய அதே கூட்டமைப்புகளின் மேல், 2005இல் மாநில ஊரக வளர்ச்சித் துறை வேலை உருவாக்க, சந்தை இணைப்பு இயக்கத்தை நிறுவியது. கிராமத்து இளைஞரைத் தேர்ந்து குறுகிய காலத்தில் பேச்சு ஆங்கிலம், கணினி, கடைப் பணி, காவற்பணி ஆகியவற்றில் பயிற்றி நகர நிறுவனங்களில் சேர்ப்பது அதன் பணி. முதலில் நிறுவனத்தைக் கேட்டு, அதற்கு வேண்டிய வேலைக்கே பயிற்சி தருவது என்ற வரிசைமாற்றமே அதன் புதுமை. அதன் செயல் இயக்குநராக இருந்த மீரா ஷெனாய், மாற்றுத்திறனாளருக்கும் இதே முறையைப் பயன்படுத்தினார். பின்னர் ஹைதராபாத்தில் யூத்4ஜாப்ஸ் என்ற அமைப்பைத் தொடங்கி அதையே முழுப் பணியாக்கினார். இளைஞருக்குப் பயிற்சி தருவதற்கு இணையாக, வேலை தரும் நிறுவனத்தின் மேலாளருக்கும் சக ஊழியருக்கும் சைகை மொழியின் அடிப்படையையும், எப்படிப் பழகுவது என்பதையும் கற்பிப்பது இவ்வகைப் பணியின் பாதிப் பங்காயிற்று. பதிவேட்டின் காலத்தில் முதலாளி சீட்டைப் பெறுபவராக மட்டும் இருந்தார். இப்போது அவரும் துணை தேவைப்படுபவராகக் கருதப்பட்டார்.

இம்மாற்றம் உலகளவில் நடந்த ஒரு சிந்தனை மாற்றத்தோடு பொருந்தியது. முதலில் பயிற்சி, பிறகு வேலை என்பதே மறுவாழ்வுப் பணியின் நெடுங்கால நியதி. மனவளர்ச்சிக் குறைபாடு உடையோர் பயிற்சிக்கூடத்திலேயே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுவதைக் கண்ட அமெரிக்க ஆய்வாளர்கள், 1980களில் அவ்வரிசையைத் திருப்பிப்போட்டு, முதலில் உண்மையான வேலையில் அமர்த்தி அங்கேயே பயிற்றும் துணைநிலை வேலைவாய்ப்பு முறையை வகுத்தனர். வேலைக்குச் செல்பவரோடு பணிப்பயிற்றுநர் ஒருவரும் சென்று, வேலையைச் சிறு படிகளாகப் பிரித்துக் கற்பித்து, தொழிலாளியும் மேற்பார்வையாளரும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டபின் மெல்ல விலகுவார் என்பது அம்முறை. நவஜீவ நிலையத்தின் தச்சர்களுக்கு உளியின் பிடி மாறியதும், மேரி வர்கீஸுக்கு அறுவையின் வகை மாறியதும் இதன் முன்வடிவங்களே.

கருவியின் பக்கம் திரும்பிய சட்டம்

ஐக்கிய நாடுகள் அவையின் மாற்றுத்திறனாளர் உரிமை உடன்படிக்கையை 2007இல் ஏற்ற இந்தியா, அதற்கேற்ப இயற்றிய மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டம் 2016, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் உள்ளது. ஏழு வகைகள் இருபத்தொன்றாயின. அரசுப் பணி ஒதுக்கீடு 4 சதவீதமாயிற்று. தனியாருக்கு ஒதுக்கீடு இன்றும் இல்லை. எனினும் ஒவ்வொரு நிறுவனமும் தன் சமவாய்ப்புக் கொள்கையை எழுதி வெளியிட வேண்டும் என்றும், இருபதோ அதற்கு மேலோ ஊழியர்களைக் கொண்ட தனியார் நிறுவனம் அதில் பணியிட வசதிகள் முதலானவற்றை விரித்துரைக்க வேண்டும் என்றும் சட்டமும் விதிகளும் கூறுகின்றன. இவற்றுள் வரலாற்றுப் பொருள் மிகுந்தது நியாயமான தகவமைப்பு என்ற கருத்து. முதலாளிக்கு அளவுமீறிய சுமையாகாத வகையில், ஊழியரின் தேவைக்கேற்பப் பணியிடத்திலும் கருவியிலும் வேலைமுறையிலும் செய்ய வேண்டிய மாற்றத்தை அது குறிக்கிறது. வேலூரில் 1951இல் ஓர் உளியின் கைப்பிடிக்குச் செய்ததை, அறுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் சட்டம் தன் மொழியில் எழுதிக்கொண்டது.

பெயர்களும் இக்காலத்தில் மாறின. தமிழில் ஊனமுற்றோர் என்ற சொல்லின் இடத்தில் மாற்றுத்திறனாளி என்ற சொல் நிலைபெற்றது. தெலுங்கில் விகலாங்குலு என்பது விபின்ன பிரதிபாவந்துலு, அதாவது வேறுபட்ட திறமையுடையோர், என்று ஆந்திர அரசுத் துறையின் பெயர்ப்பலகையில் மாறியது. எல்லையின் இருபுறமும் சொல் ஒரே திசையில் நகர்ந்தது. ஆனால் சொல் மாறிய வேகத்தில் தொழிற்சாலை வாயில் மாறவில்லை.

புத்தலப்பட்டின் தொழிற்சூழலோ இதற்குள் முற்றிலும் வேறாகியிருந்தது. மண்டலத்தைச் சேர்ந்த பேட்டமிட்டாவில் பிறந்த ராமச்சந்திர கல்லா 1985இல் நிறுவிய அமரராஜா குழுமம், திருப்பதிக்கு அருகே கரகம்பாடியில் மின்கலத் தொழிற்சாலையோடு வளர்ந்து, பேட்டமிட்டாவிலேயே உதிரிப்பாகத் தொழிலையும் திறன் பயிற்சி மையத்தையும் கொண்டுவந்தது. தமிழக எல்லையை ஒட்டிய சத்தியவேடு பகுதியில் 2008 முதல் வளர்ந்த ஸ்ரீசிட்டி, பன்னாட்டு நிறுவனங்களின் தொழில் நகரமாயிற்று. ஒரு தலைமுறைக்கு முன் வேலை தேடிக் காட்பாடிக்கோ சென்னைக்கோ போக வேண்டியிருந்த இளைஞருக்குப் பேருந்துத் தொலைவில் தொழிற்சாலைகள் உள்ளன. ஆனால் புதிய தொழிற்சாலைகளின் ஆளெடுப்பில் பெரும் பகுதி ஒப்பந்ததாரர் வழியே நடப்பதால், வேலைத்துணைப் பணியாளர் அணுக வேண்டிய முதலாளி இன்று ஒருவராக இல்லை: இயந்திரம் ஒருவருடையது, ஊதியப் பட்டியல் மற்றொருவருடையது. கருவியை மாற்றும் அதிகாரம் முன்னவரிடமும், ஆளைத் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் பின்னவரிடமும் பிரிந்து நிற்கும்போது, இருவரையும் ஒருசேர அமரவைத்துப் பேசுவதே இப்பணியின் புதிய கடமையாகிறது.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவின் மாற்றுத்திறனாளர் 2.68 கோடி, அவர்களுள் ஏதேனும் ஒரு வேலையில் இருந்தவர் ஏறத்தாழ 36 சதவீதம் மட்டுமே. பதிவேடு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தும் இந்நிலை மாறவில்லை என்பதிலிருந்து, பெயரை எழுதிவைப்பதும் சதவீதத்தைக் குறிப்பதும் விருது தருவதும் வேலைக்குப் பதிலாகமாட்டா என்பது தெளிவு. முதலாளியை இணங்கவைத்த இடங்களிலெல்லாம், யாரோ ஒருவர் தொழிற்சாலைக்குள் சென்று, குறிப்பிட்ட ஒரு வேலையைப் பார்த்து, குறிப்பிட்ட ஒரு கைக்கு அதைப் பொருத்திக் காட்டியிருக்கிறார். பழைய வடஆற்காடு இவ்வழியை நாட்டுக்கு முன்பே கண்டது. அதைப் பரப்புவதற்கு எடுத்துக்கொண்ட காலமே நீண்டது. தொழுநோயாளர் இன்ன தொழில் செய்யலாகாது என்று விலக்கிய 1898ஆம் ஆண்டுச் சட்டம் முறைப்படி நீக்கப்பட்டதும் 2016இல்தான்.